மருமகள் கவனித்த நடை

வீட்டில் பெரியவர்களுக்கு நடை தளர்ந்துவிட்டால் நாம் ஒரே வார்த்தையில் வைத்தியத்தை முடித்துவிடுகிறோம்: "வயசாச்சு!" காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் செருப்பைக் குறை சொல்கிறோம். படி தடுக்கினால் படியைக் குறை சொல்கிறோம். இரண்டும் பலிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது, மூட்டுவலித் தைலம். சாயங்காலம் அதைச் சுடவைத்து முழங்காலில் தேய்த்துவிட்டால் பெரியவர்களுக்குச் செய்யவேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது, எந்தத் தைலத்துக்கும் மசியாத ஒரு நடைக் கோளாறைப் பற்றி. கோளாறு முழங்காலில் இல்லை, மூளைக்குள் இருக்கிறது. பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே! முதுமையில் வருகிற மறதி, தள்ளாட்டம் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பின்னோக்கித் திருப்ப முடிவதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் இது காலத்தில் கண்டுபிடித்தால் திரும்பக்கூடிய வகை.

இதைத் தெரிந்துகொள்வதற்காக நான் கொல்லிமலைக்குப் போகவில்லை. வல்வில் ஓரி ஆண்ட மலை, அறப்பளீசுவரர் கோயில், ஆகாயகங்கை அருவி என்று எல்லாரும் போகிற காரியமாகத்தான் போனேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒரு கல்யாண வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் தலையிலும் சேர்த்துக்கூட அவ்வளவு கொண்டை ஊசி இராது. நாற்பது வரையில் உற்சாகமாக எண்ணிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் எண்ணுகிற பொறுப்பை டிரைவரிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே போய்ப் பார்த்தால், அந்த ஊர்ப் பெண்கள் நடக்கிற நடை இருக்கிறதே, அதுதான் அதிசயம். அருவிக்கு இறங்க ஆயிரத்தை ஒட்டிய படிகள். பட்டணத்திலிருந்து வந்த நாங்கள் ஐம்பது படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, இயற்கைக் காட்சியை ரசிப்பதுபோல் பாவனை செய்து, மூச்சு வாங்கிக்கொண்டோம். தலையில் விறகுச் சுமையோடு ஒரு கிழவி எங்களைத் தாண்டிப் போனாள். மிளகும் காப்பியும், சாமையும் தினையும் விளைகிற சரிவுகள் அவை. வீட்டிலிருந்து வயலுக்குப் போனாலும், வயலிலிருந்து சந்தைக்குப் போனாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்திக்குக் கால் வராமல் போனால் அவளுடைய உலகம் வாசற்படியோடு முடிந்துவிடும்.

அப்படி முடிந்து, மறுபடி திறந்த ஒரு பாட்டியைச் சோளக்காட்டுப் பக்கம் சந்தித்தேன். வயது எழுபத்து மூன்று. பெயரைப் போடவேண்டாம் என்று மருமகள் கேட்டுக்கொண்டாள். பாட்டிக்கு அதில் சம்மதமில்லை. "போட்டாத்தான் என்ன கண்ணு? நான் என்ன திருடியா?" என்றாள். ஆனாலும் மருமகள் கட்சியிலேயே நான் நிற்கிறேன்.

முதலில் கவனித்தவள் அந்த மருமகள்தான். அதுவும் எதை? பாட்டி விழுந்ததை அல்ல, திரும்பியதை! "அடுப்படியில இருந்து திரும்பி வாசலுக்கு வரணும்னா, அத்தை ஏழெட்டுத் தடவை காலை வச்சு வச்சுத் திரும்புவாங்க. நெறஞ்ச பானையை நகத்தற மாதிரி. முன்னாடியெல்லாம் சட்டுன்னு திரும்பி என்னைத் திட்டுவாங்களே, அப்படி இல்லை" என்றாள்.

பாட்டியைக் கேட்டேன். "காலு தரையில ஒட்டிக்கிச்சு கண்ணு. தூக்கணும்னு நெனைப்பேன். தூக்க வராது. சேத்துல நிக்கற மாதிரி இருக்கும்" என்றாள்.

இதைவிடத் தெளிவாக வைத்தியப் புத்தகம்கூடச் சொல்லாது. கீழே காந்தம் வைத்து இழுப்பதுபோல் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்வதால் டாக்டர்கள் இதற்குக் காந்த நடை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கால்களை அகட்டி வைத்து, சின்னச் சின்ன அடியாக, பாதத்தைத் தேய்த்துக்கொண்டு நடப்பார்கள். ஆனால் கை வீச்சு பெரும்பாலும் கெடுவதில்லை. விரல் நடுக்கமும் அவ்வளவாக இருக்காது. பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதத்திலிருந்து இதைப் பிரித்தறிய அது ஓர் அடையாளம். பாட்டிக்கு ஒரு டாக்டர் நடுக்குவாத மாத்திரையைத்தான் கொடுத்துப் பார்த்தார். மாத்திரை தீர்ந்தது, நடை அப்படியே இருந்தது.

இரண்டாவது அடையாளத்தைப் பாட்டி ஒளித்து வைத்திருந்தாள். சிறுநீர் அடக்க முடியவில்லை. யாரிடம் சொல்லுவாள்? மகனிடமா? காப்பியைக் குறைத்தாள், தண்ணீரைக் குறைத்தாள், விடியுமுன் எழுந்து தன் புடவையைத் தானே அலசிப் போட்டாள். கல்யாணம், திருவிழா என்றால் தலைவலி என்று சொல்லி நின்றுவிட்டாள். நம் வீடுகளில் எத்தனை மாமியார்கள், எத்தனை தாயார்கள் இப்படித் திடீரென்று "எனக்கு எங்கேயும் வர இஷ்டமில்லை" என்கிறார்கள்! அவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஓர் ஈரப் புடவை இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டுப் பெண்களால்தான் முடியும்.

மூன்றாவதாக மந்தம். பேர்கள் மறந்தன, சொன்ன பேச்சுக்குப் பதில் வர நேரமாயிற்று. "அம்மாவுக்குச் சோம்பல் வந்திடுச்சு" என்றான் மகன்.

நடை, நீர், நினைவு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அதிலும் நடை முதலில் கெட்டிருந்தால், ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். பாட்டிக்கு எடுத்தார்கள். மூளையின் நடுவில் உள்ள அறைகள் பெரிதாக வீங்கியிருந்தன.

மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் பளிங்கு போன்ற ஒரு நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய 150 மில்லிலிட்டர்தான். அதாவது தினம் மூன்று நான்கு முறை பழைய நீர் வடிந்து ரத்தத்தில் கலக்க, புது நீர் நிரம்புகிறது. முற்றத்து ஜலதாரை பாதி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மழை அதிகம் பெய்யாமலே முற்றம் ததும்பும். சிலருக்கு வயதான காலத்தில் அப்படி ஆகிவிடுகிறது. சிலருக்கு மூளை ஜுரம், தலைக் காயம், ரத்தக் கசிவு இவற்றுக்குப் பிறகு வருகிறது. பலருக்கு இன்ன காரணம் என்றே சொல்ல முடிவதில்லை. காலுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு இழைகளில் பல அந்த அறைகளின் ஓரமாகவே ஓடுவதால் நடை முதலில் அடிபடுகிறது என்பது டாக்டர்கள் சொல்லும் விளக்கம்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே நீர் தேங்கியிருந்தும், அழுத்தத்தை அளந்தால் சாதாரணமாகவே காட்டும். அதனால் வியாதியின் பெயரே 'நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபாலஸ்'. அழுத்தம் சரியாக இருந்தால் வியாதி இல்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அப்படி நினைக்காத ஒருவர் தென் அமெரிக்காவில் இருந்தார். கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில், சலமோன் ஹக்கீம் என்ற மூளை அறுவை டாக்டர். (லெபனானிலிருந்து குடியேறிய வம்சம். 'ஹக்கீம்' என்றால் வைத்தியர் என்று நம் ஊரிலும் தெரியுமல்லவா?) 1957-ல் மோட்டார் விபத்தில் அடிபட்ட ஒரு பதினாறு வயதுப் பையன் அவரிடம் வந்தான். முதல் ஆபரேஷனுக்குப் பிறகும் அவன் பேச்சு மூச்சற்று அரைத் தூக்கமாகவே கிடந்தான். மூளை அறைகள் பெரிதாக இருந்தன, அழுத்தம் சாதாரணம். பரிசோதனைக்காக 15 மில்லிலிட்டர் நீரை எடுத்தார் ஹக்கீம். மறுநாள் பையன் வாய் திறந்து பேசினான்! பிறகு நீர் வடியக் குழாய் வைத்ததும் அவன் எழுந்து பள்ளிக்கூடமே போனான். 1965-ல் அமெரிக்க டாக்டர் ரேமண்ட் ஆடம்ஸ் முதலானோருடன் சேர்ந்து ஹக்கீம் எழுதிய கட்டுரை வெளியான பிறகுதான் உலகம் இந்த வியாதியை நம்பியது.

அந்தப் பதினைந்து மில்லிலிட்டரில் பிறந்த உபாயத்தைத்தான் இன்றும் கையாளுகிறார்கள். பாட்டியைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது முதலில் தாழ்வாரத்தில் நடக்கவைத்து, எத்தனை விநாடி, எத்தனை அடி என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு இடுப்பில், முதுகெலும்பின் இடையில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். இதற்கு 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை எடுப்பது வழக்கம். மூன்று மேஜைக் கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி நடக்கச் சொன்னார்கள்.

"நடந்தாங்க!" என்றாள் மருமகள். "நான் கையைப் பிடிக்கப் போனேன். தட்டி விட்டுட்டாங்க."

ஆனால் அந்த நடை நிலைக்கவில்லை. எடுத்த நீர் மறுபடி சுரந்துவிடும் அல்லவா? நாலு நாள் கழித்துப் பாட்டியின் பாதம் பழையபடி தரையில் ஒட்டிக்கொண்டது. நிரந்தரமாக வடியவேண்டுமானால் தலையில் குழாய் வைத்தாகவேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டில் பெரிய விவாதம். எழுபத்து மூன்று வயதில் தலையில் ஆபரேஷனா? "ஏதாவது ஆயிட்டா ஊர் என்ன சொல்லும்?" என்றான் மகன். ஊர் என்ன சொல்லும் என்பதற்கு மகன்கள் கொடுக்கிற மரியாதை நமக்குத் தெரிந்ததுதானே! நானாக இருந்தால் மகனோடு சேர்ந்து தயங்கியிருப்பேன் என்றே தோன்றுகிறது. ஆனால் முடிவு செய்தவள் பாட்டி. "நாலு நாள் நடந்து பாத்துட்டேன். இனிமேல் உக்கார முடியாது" என்றாள்.

ஆபரேஷன் என்றால் மண்டையைப் பிளப்பது என்று எண்ணவேண்டாம். மண்டையோட்டில் சிறு துளை போட்டு, நீர் அறைக்குள் ஒரு மெல்லிய ஸிலிகோன் குழாயைச் செலுத்துகிறார்கள். குழாயின் மறுமுனை காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கு அடியிலேயே இறங்கி வயிற்றறையில் முடிகிறது. அதிக நீர் அங்கே வடிந்து உடம்பில் கலந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு 'ஷண்ட்' என்று பெயர். நடுவில் ஒரு வால்வு. அளவுக்கு மேல் வடியாமல் காக்கும் வாயிற்காப்போன் அதுதான்.

அந்த வால்வுக்குப் பின்னால் ஒரு தகப்பனாரின் கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்பவர் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1955-ல் பிறந்த அவர் மகனுக்குத் தலையில் நீர் கோத்துக்கொண்டது. அப்போது இருந்த குழாய்கள் அடிக்கடி பழுதாவதைப் பார்த்து, தானே வீட்டில் உட்கார்ந்து, இரவு பகலாக ஒரு வால்வு செய்தார். மகன் பிழைக்கவில்லை, ஐந்து வயதில் போய்விட்டான். அவர் செய்த வால்வு ஆயிரக் கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியது. நம் தேசத்திலும் லக்னோவைச் சேர்ந்த டாக்டர் சாப்ரா ஒரு வால்வை வடிவமைத்தார். உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் அது தயாராகிறது. வெளிநாட்டு வால்வைவிடப் பல மடங்கு மலிவு. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் இரண்டையும் வைத்து ஓர் ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள்: பலனில் வித்தியாசம் இல்லை. நம் சரக்கு என்றால் முகத்தைச் சுளிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

"குழாய் வைத்ததால்தான் நடந்தார்களா, குழாய் வைத்தோம் என்ற தைரியத்தில் நடந்தார்களா?" என்று கேட்கிற சந்தேகப் பிராணிகள் டாக்டர்களிலும் உண்டு. அதைச் சோதிக்கவே அமெரிக்கா முதலிய நாடுகளில் ஒரு பெரிய பரீட்சை நடத்தி, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். 99 முதியவர்களுக்கு ஷண்ட் வைத்தார்கள். காந்தக் கருவியால் வெளியிலிருந்தே திருகக்கூடிய வால்வு அது. பாதிப் பேருக்குத் திறந்து வைத்து, பாதிப் பேருக்கு மூன்று மாதம் ஏறக்குறைய மூடியே வைத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. திறந்த வால்வுக்காரர்களின் நடை வேகம் விநாடிக்கு 0.23 மீட்டர் கூடியது. மூடிய வால்வுக்காரர்களுக்கு 0.03 மட்டுமே. 0.23 என்றால் அற்பமாகத் தோன்றும். நிமிஷக் கணக்கில் பாருங்கள்: கிட்டத்தட்ட பதினாலு மீட்டர். ரஸ்தாவைக் கடப்பதற்கும் கடக்காமல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. கீழே விழுந்தவர்கள் அந்தப் பக்கம் நூற்றுக்கு 46 பேர், இந்தப் பக்கம் 24 பேர்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. அதே பரீட்சையில், மூளை உறைக்கு அடியில் ரத்தம் கசிந்தவர்கள் திறந்த வால்வுக்காரர்களில் நூற்றுக்கு 12 பேர். மற்றவர்களில் 2 பேர். நீர் அதிகமாக வடிந்தால் எழுந்து நின்றதும் தலைவலி வரும். குழாய் அடைத்துக்கொள்ளலாம், கிருமி தொற்றலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி குணமாவதும் இல்லை. நடைதான் முதலிலும் அதிகமாகவும் தேறுகிறது. நீர்க் கட்டுப்பாடு அதற்கு அடுத்தபடி. நினைவு சொல்வதற்கில்லை. வருஷக் கணக்கில் 'வயசாச்சு' என்று போட்டு வைத்தவர்களுக்குப் பலன் குறைவு.

இப்போது, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். குழாய் நீரைத்தான் வடிக்கும். நடக்கக் கற்றுத் தராது. பாட்டி இரண்டு வருஷம் உட்கார்ந்தே இருந்தவள். தொடையில் பலம் இல்லை, மனதில் விழுந்துவிடுவோம் என்ற பயம். ஆஸ்பத்திரியில் மறுநாளே எழுந்து நிற்க வைத்தார்கள். கட்டிலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்துவது, குதிகாலை முதலில் வைப்பது என்று பாலபாடம் ஆரம்பமாயிற்று. ஊருக்குத் திரும்பிய பிறகு மருமகள் ஒரு காரியம் செய்தாள். திண்ணையில் ஓரடிக்கு ஒன்றாகக் கோலமாவில் கோடு போட்டாள். ஒவ்வொரு கோட்டையும் பாட்டி தாண்டி வைக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு விரற்கடை இடைவெளியை அகட்டிக்கொண்டே போனாளாம், பாட்டிக்குத் தெரியாமல்!

திரும்புவதுதான் கடைசி வரை தகராறு. நின்ற இடத்தில் சுழலாமல், அகலமாக வட்டமடித்துத் திரும்பவேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். பாட்டிக்குப் புரியவில்லை. "கொண்டை ஊசி வளைவில பஸ் எப்படித் திரும்புது பாட்டி? அப்படித் திரும்புங்க" என்றாராம். எழுபது வளைவுகளில் வாழ்நாளெல்லாம் ஏறி இறங்கியவளுக்கு வேறு பாடம் வேண்டுமா? இப்போது பாட்டி அடுப்படியிலிருந்து திரும்புவதை நானே பார்த்தேன். ஹாரன் அடிக்காததுதான் பாக்கி!

மலை நாட்டில் இன்னொரு சிக்கல், இறக்கம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுவார்கள். வாசலிலிருந்து பாதை வரை மூங்கில் கைப்பிடி கட்டிக் கொடுத்தான் மகன். (ஊர் என்ன சொல்லும் என்ற அதே மகன்தான்.) பட்டணத்து வீடுகளில் இறக்கம் இல்லை, அதற்குப் பதிலாகக் குளியலறையின் வழவழப்பான தரை, மடிந்து கிடக்கும் கால்மிதி, இரவில் விளக்கில்லாத நடை இருக்கின்றன. மூன்றையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தமிழக அரசு அதற்கு ஏற்பாடு செய்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

பாட்டிக்கு ஆபரேஷனைவிட வருத்தம் தந்தது கூந்தல்தான். ஒரு பக்கம் மழித்துவிட்டார்கள். இப்போது வளர்ந்து கொண்டையும் போட்டாயிற்று. காதுக்குப் பின்னால் வால்வு இருக்கிற இடம் ஒரு புளியங்கொட்டை போல் தட்டுப்படுகிறது. சீப்பை அங்கே அழுத்தாமல் வாருகிறாள் மருமகள். பேர்கள் இன்னமும் மறக்கின்றன. ராத்திரி ஒருமுறை எழுந்திருக்கவேண்டியிருக்கிறது. கைத்தடியோடு சந்தைக்குப் போய் வருகிறாள். அருவிப் படிகளுக்கு மட்டும் தடை. அதைப் பற்றி மாமியாருக்கும் மருமகளுக்கும் தினம் ஒரு சண்டை.

ஜுரம், வாந்தி, தாங்காத தலைவலி, ஓயாத தூக்கம், வயிற்று வலி, குழாய் போகிற வழியில் சிவப்பு, அல்லது பழையபடி கால் ஒட்டிக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் காட்டவேண்டும். ஸ்கேன் எடுக்கப் போகும்போதெல்லாம் உள்ளே வால்வு இருப்பதை முதலில் சொல்லவேண்டும். என்ன வால்வு, என்றைக்கு வைத்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருமகள் அதை ரேஷன் கார்டோடு ஒரே உறையில் போட்டு, பெட்டியில் பூட்டாமல், சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறாள்.